பனி இறங்கினால் அடுப்பு மூட்டுவோம்

அன்று பதுளை நகரமே தும்மியது.

எங்கள் கடை எரிந்த நாளை நினைத்தால் எனக்கு நெருப்பு ஞாபகம் வருவதில்லை. தும்மல்தான் வருகிறது. தெருக்கோடியில் ஒரு தும்மல், சந்தைப் பக்கமிருந்து இன்னொன்று, பிறகு யார் யாரோ ஓடிக்கொண்டே தும்முகிற சத்தம். கூரை வரை அடுக்கி வைத்திருந்த காய்ந்த செத்தல் மிளகாய் மூட்டைகளில் தீ பற்றியிருந்தது.

அதற்கு முன்னால் மல்லியும் சீரகமும் எரிந்தன. தமிழர் கடைகளுக்குக் கும்பல்கள் தீ வைத்த அந்த ஆடி மாதக் காலையில், கொஞ்ச நேரத்துக்கு, தெரு முழுவதும் யாரோ கல்யாணத்துக்குச் சமைப்பது போல மணத்தது. பயத்தில் உறைந்து கிடந்த எனக்கு அந்த மணத்தில் பசி எடுத்தது. உடம்புக்கு நேரம் காலம் தெரிவதில்லை.

நானும் என் கணவர் வடிவேலும் கடைக்குப் பின்புறம் இருந்த சுமனா அக்காவின் தையல் அறையில், தைக்க வந்த துணிக் குவியலுக்குள் படுத்திருந்தோம். எங்கள் மகள் மலர் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தாள். சுமனா அக்கா சிங்களப் பெண். தனியாக இருந்து தையலில் பிழைத்தவர். தெருவில் கூச்சல் கேட்டதும் கொல்லைப் பக்கமாக வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

புகை அந்த அறைக்குள்ளும் வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஈரத்துணியால் குழந்தையின் முகத்தை மூடினேன். அதற்குள்ளிருந்து அவள் இருமத் தொடங்கினாள்.

சுமனா அக்கா தையல் மெஷினில் போய் உட்கார்ந்து மிதித்தார். கடகடவென்று மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் குழந்தையின் இருமல் அமிழ்ந்துபோனது. துணிகளின் இடுக்கு வழியாக எனக்கு மெஷினின் ஊசி மட்டும் தெரிந்தது. அதில் நூல் இல்லை. கீழே துணியும் இல்லை. வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

வீட்டுக் கம்பனி

எரிந்துகொண்டிருந்த அந்தக் கடை எங்களுக்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணமான புதிதில் நாங்கள் பதுளையில் ஒரு பாதி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வடிவேல் புடவைக் கடையொன்றில் வேலை செய்தார். வீட்டின் மறுபாதியில் தர்மலிங்கம் அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் சமைத்தேன்.

ஒருநாள் அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "தங்கச்சி, உம்மடை தூள் எங்கடை ஊர்த்தூள் மாதிரி இல்லை. ஆனால் ஒருக்கால் சாப்பிட்டால் விடேலாமல் கிடக்கு."

அடுத்த வாரம் கந்தோரில் கூட வேலை செய்தவர்களுக்கென்று ஒரு பை கறித்தூள் கேட்டார். அதற்கடுத்த வாரம் நான்கு பை. இப்படித்தான் தொடங்கியது.

நான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அடுப்பில் வளர்ந்தவள். நாள் முழுவதும் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு உரலில் தூள் இடிக்க உடம்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "தூளத் தோட்டத்துக்குக் கொண்டு போவோம்ங்க. டவுன்ல யாரு வாங்குறா?" என்று வடிவேலிடம் சொன்னேன். இவர் புடவைக் கடையை விட்டார். தர்மலிங்கம் அண்ணன் தன் சேமிப்பைப் போட்டார். வடிவேலின் இங்கிலீஷ் முதல் எழுத்தையும் அவருடைய முதல் எழுத்தையும் சேர்த்து வீ.டீ. கம்பனி என்று பலகை எழுதினார்கள்.

தோட்டத்துச் சனங்களின் வாயில் அது வீட்டுக் கம்பனி ஆகிவிட்டது. "வீட்டுக் கம்பனித் தூள் வந்திருச்சா?" என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பஸ்ஸில் இரண்டு சாக்குப் பைகளோடு ஏறிப் போவார். பிறகு கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பழைய வேன் வந்தது. ஒரு மில் வந்தது, இரண்டாவது மில் வந்தது. பசறை, லுணுகல, அப்புத்தளை என்று எங்கள் தூள் மலையேறியது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதிகமுள்ள தோட்டத்துக்குக் காரம் கூடுதலாக, சேலத்துக்காரர்கள் இருக்கிற தோட்டத்துக்கு மல்லி தூக்கலாக, நானே வறுத்துக் கலந்தேன்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கத்திலும் மில் ஓடும். கனவில் நான் எதையும் பார்த்ததில்லை, மணந்திருக்கிறேன். பெருஞ்சீரகம் மணந்தால் நல்ல கனவு. வெந்தயம் தீய்ந்தால் விழித்துக்கொள்வேன்.

கதவுக்கு வெளியே

கதவைத் தட்டியவர்கள் மூன்று நான்கு பேர் இருந்திருக்க வேண்டும். கடைக்காரர்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். மெஷின் நின்றது; குழந்தையின் முகத்தை என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். சுமனா அக்கா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தார். பாதி திறந்திருந்தால் அவர்கள் தள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று பின்னால் சொன்னார்.

"என் கண்ணைப் பார்!" என்று கத்தினார். "யாரோ வைத்த நெருப்புக்கு நான் அழவேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக்குத் துணி கொடுக்க வேண்டும். கண் தெரியாமல் எப்படித் தைக்கிறது? நீ வந்து தைக்கிறாயா?"

அவர்களில் ஒருவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் புகை போயிருக்க வேண்டும். இருமினான். இன்னொருவன் தும்மினான். பிறகு எல்லோரும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் குறுக்குத் தெருவில் அதற்குப் பிறகு யாராலும் நிற்க முடியவில்லை. பக்கத்து வீடுகளில் ஒளிந்திருந்தவர்களும் தப்பினார்கள்.

மாலையில் ராணுவ லொறி ஒன்று வந்து எங்களை அகதி முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது கடை இருந்த இடத்தைப் பார்த்தேன். மில்லின் இரும்புச் சக்கரம் மட்டும் நின்றது. அதைச் சுற்றி மென்மையான, சிவந்த சாம்பல். மழை பெய்தால் தெருவே குழம்பாகிவிடும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

சுமனா அக்கா லொறிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். குழந்தைக்கென்று ஒரு சட்டையைக் கையில் திணித்தார். யாருக்கோ தைத்து வைத்திருந்த சட்டை. மலரைவிட இரண்டு வயது மூத்த பிள்ளையின் அளவு.

இரண்டு வழி

முகாம் ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையில் யாரோ பிள்ளைகள் எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. தர்மலிங்கம் அண்ணன் அங்கே எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நெற்றியில் கட்டு. எங்களைக் கண்டதும் மலரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

சில வாரங்களில் வடக்கே போகிறவர்களுக்கு பஸ் ஏற்பாடானது. அவர் முடிவெடுத்துவிட்டார்.

"வடிவேல், இனி இஞ்சை இருக்கேலாது. வவுனியாவுக்கு வாங்கோ. அங்கை மிளகாய் விளையுது. மில் போடுவம். மூண்டு பேரும் திரும்பத் தொடங்குவம்."

வடிவேல் தலையை ஆட்டினார். போகத்தான் நினைத்தார். அந்த நாளுக்குப் பிறகு அவரால் மிளகாய் மணத்தைத் தாங்க முடியவில்லை. முகாமில் யாராவது தாளித்தால்கூட வெளியே போய் வாந்தியெடுப்பார். தூரப் போனால் சரியாகும் என்று நம்பினார்.

"தங்கச்சி, நீர் என்ன சொல்லுறீர்? அங்கை எங்கடை சனம்."

"எங்க சனம் இங்கதானே அண்ணே இருக்கு," என்றேன். "தோட்டத்துல இருக்கிறவங்கள விட்டுட்டு நான் யாருக்குத் தூள் இடிக்கிறது?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. "அதுவும் சரிதான்," என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வடிவேலின் கையைப் பிடித்தார். பஸ் நகர்ந்தது, இரண்டு பேரும் விடவில்லை. இவர் கூடவே ஓடினார். பிறகு விட்டார்.

தர்மலிங்கம் அண்ணன் வவுனியாவில் தூள் கடை போட்டார். அங்கிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து இன்னும் கிழக்கே. யுத்தம் அவரை நகர்த்திக்கொண்டே போனது. கடைசி யுத்தத்துக்குப் பிறகு அவரைப் பற்றிக் கேட்ட இடங்களிலெல்லாம் தெரியாது என்றார்கள். இந்த ஒரு பத்தியை எழுதிவிட்டு நேற்று முழுவதும் நான் வேறெதுவும் எழுதவில்லை.

பிள்ளைக் காம்பரா

நாங்கள் நமுனுகுல மலைக்கு, என் அண்ணன் ஆறுமுகம் வேலை பார்த்த தோட்டத்துக்குப் போனோம். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஒற்றைக் காம்பரா வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம்.

மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம். புதிது கட்டிய பிறகு இதில் யாருமில்லை. கம்பியில் தொட்டில் கயிறுகள் மட்டும் தொங்கின. அண்ணன் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையிடம் கேட்டுச் சாவி வாங்கித் தந்தார். பெரிய கம்பனி இடம் மாறுவது என்றால் லொறி, பெட்டி, பலகை எல்லாம் இருக்கும். எங்கள் கம்பனி ஒரு வாணலியோடு இடம் மாறியது.

என் கழுத்துச் சங்கிலி பசறையில் இரண்டு மூட்டைச் சரக்காகியது. மில் இல்லை, உரல்தான். பேச்சியம்மா முதலில் வந்தார். கொழுந்து எடுக்கிற கூட்டத்தில் குரல் பெரியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். "இடிக்கிற கை எங்கிட்ட இருக்கு, ஒரல் எங்கிட்ட இருக்கு. நீ கலக்கிக் குடு," என்றார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள். வேலை விட்ட பின்னேரங்களில் மேல் லயம், கீழ் லயம் எங்கும் உலக்கைச் சத்தம் கேட்கும். எந்த வீட்டு உலக்கை எது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

வடிவேல் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டார். நான் மிளகாய் வறுக்கத் தொடங்கினால் மலையேறிப் போய்ப் பாறையில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய பை எப்போதும் கட்டியபடியே இருந்தது. வவுனியாவுக்குப் போகத் துணைக்கு ஆள் சேர்ந்தால் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

காற்று

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். காற்று எங்கள் அடுப்பு மணத்தை அள்ளிக்கொண்டு நேராகக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு இறங்கியது. ஒருநாள் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சுப்பையா அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, தப்பா நெனக்காத. பதுளையில எரிஞ்ச கடக்காரங்க இங்கதான் இருக்காங்கன்னு மணமே சொல்லிக் குடுத்துரும் போல இருக்கு. நாளைக்கு லயத்துக்கு நெருப்பு வச்சா என்ன செய்வோம்? நூறு குடும்பம் இருக்கு."

பேச்சியம்மா உலக்கையைச் சாத்திவிட்டு வந்தார். "அப்போ பயந்துக்கிட்டு சோத்த வெறுஞ்சோறா திங்கச் சொல்றீங்களா?"

"நீ சும்மா இரு பேச்சி. ஒனக்கு வாய் மட்டுந்தான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மகள் தப்பியதே இன்னொருத்தி கதவைத் திறந்து நின்றதால்தான். அந்த நூறு வீட்டுப் பிள்ளைகளை நான் எதை வைத்துக் காப்பேன்? அன்றே அடுப்பை அணைத்தேன். உலக்கைகள் நின்றன. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் புரண்டு புரண்டு படுப்பேன். இவரோடு போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் காற்று விழுந்தது. ஒரு பகலில் நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கியது. முதலில் மலைமுடி போனது, பிறகு மேல் லயம், பிறகு பக்கத்து வாசல். கைநீட்டினால் விரல் தெரியவில்லை. பேச்சியம்மா எங்கிருந்தோ கூப்பிட்டார்.

"சரசு! இப்ப மூட்டு அடுப்ப! இதத் தாண்டி மணம் எங்க போகும்?"

அதன்பிறகு அதுதான் எங்கள் வழக்கம். பனி இறங்கினால் அடுப்பு மூட்டுவோம். விலகினால் அணைத்துவிடுவோம். சுப்பையா அண்ணனும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வறுத்த மல்லியின் மணம் மேலே போகாமல் பனிக்குள்ளேயே கனமாகத் தங்கி நிற்கும். பெண்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். பாதிப் பேச்சுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாது. தொட்டில் கயிறுகளில் நீர் கோத்துச் சொட்டும். அந்த மாதங்களை நான் நிஜமாகவே வாழ்ந்தேனா என்று சில சமயம் சந்தேகம் வரும்.

வந்தவர்

மார்கழியை ஒட்டி ஒரு பின்னேரம். பனிக்குள் ஒரு குடை தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் குடை பிடிப்பதில்லை, சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார்கள். உலக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

வாசலுக்கு வந்தவர் சாரம் கட்டிய நடுவயது மனிதர். கீழே கிராமத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கிற ஜயசேன முதலாளி. தோட்டத்துச் சனங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"இது பதுளை வீட்டுக் கம்பனித் தூள்தானே?" என்று கேட்டார்.

பேச்சியம்மா உலக்கையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க வீட்டு நோனா காத்துக் காலத்துலயே மணத்த வச்சுச் சொல்லிட்டா. முன்னாடி பதுளைக்குப் போனா அதத்தான் வாங்குவா. இப்ப எங்கயும் இல்ல. கொஞ்சம் குடுப்பீங்களா?"

காற்றுக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அத்தனை மாதமும் அந்தக் கிராமத்துக்கு நாங்கள் இருப்பது தெரியும். எரிக்க யாரும் வரவில்லை.

நான் தூளைக் கட்டும்போது அவர் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் பதுளையிலதான் இருந்தேன்," என்றார். "கண்ணு ரெண்டு நாள் எரிஞ்சிச்சு."

எங்கே நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவோடு போனவரா, தீ வைத்தவர்களோடு நின்றவரா? கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் குனிந்தபடியே நின்றார்.

பின்னால் காலடி கேட்டது. வடிவேல். பாறையிலிருந்து இறங்கி வந்திருந்தார். உலக்கைச் சத்தம் திடீரென்று நின்றதைக் கேட்டு ஓடி வந்ததாகப் பிறகு சொன்னார். வாணலியில் மிளகாய் சிவந்துகொண்டிருந்தது. அந்த மணத்துக்கு நடுவே, எனக்கும் ஜயசேன முதலாளிக்கும் இடையில் வந்து நின்றார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. ஆனால் நகரவில்லை.

"எவ்வளவு வேணும் முதலாளி?" என்று கேட்டார்.

"ஒரு றாத்தல். இல்ல, கடையில வச்சு விக்க நாலு றாத்தல் குடுங்க."

இவர் தன் கையாலேயே நிறுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். நான் முதுகைத் தடவினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "பையை அவுத்துரு சரசு," என்றார்.

ஜயசேன முதலாளி சாகும்வரை எங்களிடம்தான் தூள் வாங்கினார். அந்த ஒரு கேள்வியை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்காதது சரியா என்று என் மகள் இப்போதும் என்னோடு வாதாடுகிறாள்.

பண்டாரவளை

மறுவருடம் கொழுந்து நன்றாகத் துளிர்த்த காலத்தில், பண்டாரவளையில் சந்தைக்கு மேலே ஒரு கட்டடம் கிடைத்தது. பதுளைக்குத் திரும்ப இவருக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. பிள்ளைக் காம்பராவின் சாவியைத் தொரையிடம் ஒப்படைத்தோம். பேச்சியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு எங்களோடு லொறியில் ஏறினார்கள். சுப்பையா அண்ணன் தேங்காய் உடைத்து அனுப்பினார்.

முதல் நாள் விடியும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தால், ரோட்டோரம் குளிரில் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தார். கம்பளியைப் போர்த்தி, தலையில் துணி கட்டி, புறப்பட ஆயத்தமாக.

"என்னக்கா, இந்நேரத்துல இங்க நிக்கிறீங்க?"

"பெரட்டு எங்கன்னு தெரியல சரசு. யாரு பேரு கூப்புடுவாங்க?"

தோட்டத்தில் விடிகாலையில் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அதுதான் பெரட்டு. பன்னிரண்டு வயதில் நிற்கத் தொடங்கியவர் அவர்.

"இங்க பெரட்டு இல்லக்கா. விடிஞ்சு, டீ குடிச்சிட்டு வந்தாப் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். முதல் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"அப்போ நா இப்ப ஒக்காரலாமா?"

"ஒக்காருங்கக்கா."

அவர் கடை வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். தலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வெளிச்சம் வரும்வரை அப்படியே இருந்தோம்.